வீணை கற்க வந்த கிற்றார் கலைஞர்

சில மாதங்களுக்கு முன் எமது கல்லூரியின் உயர்தர வகுப்பொன்றில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை விளக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வயதில் பயிற்சியைத் தொடங்கிய மாதவி, ஏழாண்டுகள் கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேறுகிறாள். அவள் ஆடப்போவதைச் சொல்வதற்கு முன், அவளைச் சூழ்ந்து நின்ற ஆசிரியர்கள் எத்தகையவர்கள் என்பதை இளங்கோவடிகள் விரிவாகச் சொல்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை அங்கே வரிசையாக வருகின்றன.

யாழாசிரியனுக்கு வந்தபோது கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், யாழே இப்ப இல்ல. அத வாசிக்கிறவருக்கு என்ன தெரியணும்னு நாங்க எதுக்குப் படிக்கணும்?" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் கேலிக்காகக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் கிற்றார் வாசிப்பவன். மஸ்கெலியாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கலியாண வீடுகளிலும் திருவிழா மேடைகளிலும் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் சேர்ந்து கொஞ்சம் பணமும் சம்பாதிக்கிறான். அவனுடைய தாத்தா தப்படிப்பவர். அதை மட்டும் அவன் யாரிடமும் சொல்வதில்லை.

"பரீட்சைக்கு வரும், படி" என்று அன்று சொன்னேன். அது பதில் அல்ல என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்றைய உரையில் சொல்ல முயல்கிறேன். அந்தப் பதில் ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கைக் கதையாக இருக்கிறது. அவர் பெயர் ஜோன் மக்லாக்லின். றொக் இசையிலும் ஜாஸ் இசையிலும் உலகின் முன்னணிக் கிற்றார் கலைஞர்களுள் ஒருவராக மதிக்கப்படுபவர். அவருடைய கதை நமது யாழ்ப்பாணத்தையும், சிலப்பதிகாரத்தையும், மானாமதுரைப் பானையையும் தொட்டுச் செல்கிறது.

தோட்டத்திலிருந்து போன பாட்டு

மக்லாக்லின் 1942 ஜனவரி 4 ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில், டொன்காஸ்டர் நகரை அடுத்த ஊரொன்றில் பிறந்தவர். தாயார் வயலின் வாசிப்பவர். ஆகவே வீட்டில் மேனாட்டுச் செவ்வியல் இசை எந்நேரமும் ஒலித்தது. பதினொரு வயதளவில், தமையன்மார் கைகளில் இருந்த கிற்றார் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அவரை ஆட்கொண்ட முதல் இசை வீட்டில் கேட்டதன்று, கடல் கடந்து வந்த 'புளூஸ்' இசை. பிக் பில் புரூன்சி, மடி வோட்டர்ஸ் ஆகிய அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுக்களைக் கேட்டுக் கேட்டு அவர் விரல் பழகினார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். புளூஸ் என்பது என்ன? அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆபிரிக்க மக்களின் வழிவந்தவர்கள் பாடிய பாட்டு. உழைப்பின் களைப்பும், பிரிவும், கடனும், காதலும் அதன் பொருள். மடி வோட்டர்ஸ் என்பவர் மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்ரோவல் என்ற பெருந்தோட்டத்தில் வேலை செய்தவர். 1941 இல் நாட்டார் பாடல்களைச் சேகரிக்க வந்த அலன் லோமக்ஸ், அந்தத் தோட்டத்தில் வைத்தே அவருடைய பாட்டைப் பதிவு செய்தார். அதன் பிறகுதான் அவர் சிகாகோ நகருக்குச் சென்று மின்கிற்றாரைக் கையிலெடுத்தார். இன்று உலகமெங்கும் அரங்குகளை நிறைக்கும் றொக் இசைக்கு வேர் அந்தத் தோட்டத்துப் பாட்டு.

பெருந்தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. தோட்டத் தொழிலாளி தன் லயத்து வாசலில் பாடிய பாட்டைக் கடல் கடந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் பாடமாகக் கற்றான். பாடியவரின் ஏழ்மை அந்தப் பாட்டின் தகுதியைக் குறைக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் மக்லாக்லின் லண்டனுக்கு வந்தார். ஜோர்ஜி ஃபேம், கிரஹம் பொண்ட் ஆகியோரின் குழுக்களில் வாசித்தார். பிறருடைய பாடல்களுக்கு ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு வாசிக்கும் வேலையும் பார்த்தார். 1969 இல் அவருடைய முதல் தனி இசைத்தட்டான 'எக்ஸ்ட்ராபொலேஷன்' பதிவாயிற்று. அதே ஆண்டில் டோனி வில்லியம்ஸ் என்ற இளம் தாளவாத்தியக் கலைஞரின் அழைப்பை ஏற்று நியூயோர்க் நகருக்குச் சென்றார். அங்கு இறங்கிய சில நாட்களுக்குள், 1969 பெப்ரவரி 18 ஆம் திகதி, ஜாஸ் உலகின் பெருங்கலைஞரான மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவில் வாசிக்கும் வாய்ப்புக் கிட்டியது. 'இன் எ சைலன்ட் வே' என்ற அந்த இசைத்தட்டும், அதை அடுத்து 1970 இல் வெளியான 'பிச்சஸ் புரூ' என்ற தொகுப்பும், ஜாஸையும் றொக்கையும் ஒன்றிணைத்த புதிய பாதைக்கு வழிகோலின. இரண்டாவது தொகுப்பில் ஓர் உருப்படிக்கு 'ஜோன் மக்லாக்லின்' என்றே மைல்ஸ் டேவிஸ் பெயர் வைத்தார்.

ஜாஸ் இசை நமது காதுக்கு அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் அதன் உயிர்நிலை நமக்குப் பழக்கமானதே. எழுதிவைத்ததை அப்படியே வாசிப்பதோடு ஜாஸ் கலைஞர் நின்றுவிடுவதில்லை. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் எல்லைக்குள் நின்று, அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிக்கிறார். நமது வித்துவான் ஓர் இராகத்தை ஆலாபனை செய்வதும், கற்பனைச் சுரம் பாடுவதும் இவ்வகையே. நாம் அதை மனோதர்மம் என்கிறோம். வேறுபாடு ஒன்று உண்டு. மேனாட்டு இசையில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலித்து ஒரு நிறத்தைத் தருகின்றன. நமது இசையில் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு சுரம் அடுத்த சுரத்துக்குச் செல்லும் வழியில் அசைந்தும் வழுக்கியும் குழைந்தும் செல்வதே அழகு. அந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் கதை எளிதில் விளங்கும்.

பெரும் ஓசையின் உச்சியில்

1970 அளவில் மக்லாக்லின், ஸ்ரீ சின்மோய் என்ற வங்காளத் துறவியின் சீடரானார். சின்மோய் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் வளர்ந்து, 1964 இல் நியூயோர்க் சென்றவர். அவர் தம் சீடருக்கு வைத்த பெயர் 'மகாவிஷ்ணு'. 1971 இல் தோன்றிய புதிய குழு 'மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா' என்ற பெயரைப் பெற்றது. பில்லி கொபம், ஜெரி குட்மன், ஜான் ஹமர், றிக் லெயர்ட் ஆகியோர் அதில் இருந்தனர். 1971 இல் 'தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்', 1973 இல் 'பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்' என்ற இசைத்தட்டுக்கள் வெளிவந்தன. இரட்டைக் கழுத்துள்ள மின்கிற்றாருடன் வெள்ளுடையில் நின்று அவர் வாசித்த வேகம் அக்காலத்து இளைஞரைத் திகைக்க வைத்தது.

அந்த இசையின் தாளக் கணக்குகள் மேனாட்டாருக்குப் புதியவை. நான்கு நான்காக எண்ணிப் பழகிய றொக் இசைக்குள் பத்து, பதினெட்டு என்று எண்ணிக்கைகள் வந்தன. 'பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்' என்ற உருப்படியே பதினெட்டு எண்ணிக்கையில் சுழல்கிறது. இத்தகைய கணக்குகள் நமது மரபில் ஐந்து ஜாதிகளாக ஏற்கனவே ஒழுங்குபெற்றவை. திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது. மக்லாக்லின் இதை உணர்ந்தார். தாம் தேடிச் செல்வதை ஒரு மக்கள் கூட்டம் பல நூற்றாண்டுகளாகப் பாடமாக வைத்திருக்கிறது என்று அறிந்தவர் அடுத்து என்ன செய்வார்? கேள்விஞானத்தில் இரண்டு துணுக்குகளை எடுத்துத் தம் இசைக்குப் பொட்டு வைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளலாம். புகழின் உச்சியில் நிற்பவருக்கு அது போதும். மக்லாக்லின் ஓர் ஆசிரியரைத் தேடிப் போனார்.

சிலப்பதிகாரம் ஆராய்ந்த ஆசிரியர்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே அறுபதுகள் தொட்டே கர்நாடக இசை கற்பிக்கப்பட்டு வந்தது. நாட்டியமேதை பாலசரஸ்வதியின் சகோதரர்களான விஸ்வநாதனும் ரங்கநாதனும் அங்கே ஆசிரியர்களாக இருந்தவர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் கலாநிதி எஸ். இராமநாதனிடம் மக்லாக்லின் வீணை கற்றார்.

இந்த இராமநாதன் யார்? வாய்ப்பாட்டிலும் வீணையிலும் வல்லவர். 1917 இல் பிறந்து 1988 இல் மறைந்தவர். அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வின் பொருள், சிலப்பதிகாரத்தில் இசை. ஆம், நேயர்களே. 1974 இல் நிறைவெய்திய அந்த ஆய்வு, இளங்கோவடிகள் சொன்ன பண்களையும் பாலைகளையும் யாழையும் இன்றைய இராகங்களோடு ஒப்பிட்டு விளக்க முயன்றது. நமது நாட்டில் காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் 1947 இல் வெளிவந்த 'யாழ் நூலில்' தொடக்கிவைத்த தேடலின் தொடர்ச்சியாக அதைக் கொள்ளலாம். யாழாசிரியன் அறிய வேண்டியவை எவை என்று இளங்கோவடிகள் எழுதியதை ஆராய்ந்த ஒருவரின் முன்னால், உலகப் புகழ்பெற்ற கிற்றார் கலைஞர் ஒருவர் மாணவராக அமர்ந்து விரல் வைக்கக் கற்றார்.

என் மாணவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலின் முதற்பாதி இதுதான். யாழ் என்ற கருவி வழக்கொழிந்தது. தந்தியில் விரல் வைப்பவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி வழக்கொழியவில்லை.

வீணையைக் கற்றவர் வீணைக்காரராக மாறிவிடவில்லை. கற்றதைத் தம் கிற்றாருக்குக் கொண்டுவர விரும்பினார். அங்கே ஒரு தடை இருந்தது. வீணையில் மெட்டுக்கள் உயரமாக இருக்கும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் பல சுரங்கள் குழைந்து வரும். கிற்றாரில் மெட்டுக்கள் தாழ்வானவை. தந்திக்கு நேர் கீழே பலகை இருப்பதால் விரல் அதில் முட்டிக்கொள்ளும். ஆகவே ஏப் வெக்டர் என்ற கருவி செய்யும் வினைஞரின் துணையோடு, கிப்சன் நிறுவனத்தின் வழியாக, தமக்கென ஒரு கிற்றாரைச் செய்வித்தார். மின்சாரம் தேவைப்படாத மரக்கிற்றார் அது. மெட்டுக்களுக்கு இடையே பலகையைக் குழிவாகக் குடைந்திருந்தார்கள். இப்போது தந்தியை வீணையிற் போல இழுக்க முடிந்தது. வழக்கமான ஆறு தந்திகளுக்குக் குறுக்கே, சாய்வாக, மேலும் ஏழு தந்திகள் கட்டப்பட்டன. விரல் தொடாமலே அவை அதிர்ந்து, தம்புரா போல அடியில் ரீங்கரித்தன. கிற்றாரின் உருவம் மாறவில்லை. அதன் நாக்கு தமிழ்நாட்டு இசையைப் பேசப் பழகியது.

யாழ்ப்பாணம் தந்த வயலின்

அந்தக் கிற்றாரோடு அவர் அமைத்த குழுவே 'சக்தி'. அதன் முதல் இசைத்தட்டு 1975 ஜூலை மாதம் நியூயோர்க் மாநிலத்தில் நடந்த நேரடிக் கச்சேரியில் பதிவாகி, 1976 இல் வெளிவந்தது. காதைப் பிளக்கும் மின்னிசையில் புகழ் பெற்றவர், தரையில் விரித்த விரிப்பில் சம்மணமிட்டு அமர்ந்து வாசித்தார். அருகில் மூவர். அவர்களுள் வயலின் வாசித்த எல். சங்கரைப் பற்றி நாம் தனியாகச் சொல்ல வேண்டும்.

சங்கர் 1950 இல் சென்னையில் பிறந்தவர். வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அவருடைய தந்தையார் வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசைக் கல்லூரிப் பேராசிரியராக இருந்தார். வயலினைப் பாட்டுக்குப் பின்னால் ஒலிக்கும் பக்கவாத்தியம் என்ற நிலையிலிருந்து, தனித்து நின்று கச்சேரி செய்யும் வாத்தியமாக உயர்த்த வேண்டும் என்பது அவர் கனவு. அந்தக் கனவைத் தம் பிள்ளைகளின் விரல்களில் ஏற்றினார். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் என்ற மூன்று சகோதரர்களும் அவ்வாறு உருவானவர்கள். 1958 ஆம் ஆண்டின் இனக்கலவரத்தின் பின் அந்தக் குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது சங்கருக்கு எட்டு வயது.

ஒரு கலவரத்தில் எரிந்த வீடுகளையும் இறந்த உயிர்களையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம். நாட்டை விட்டுப் போன பாட்டு வகுப்புக்களை யாரும் எண்ணுவதில்லை. சங்கர் பின்னர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மக்லாக்லினோடு சேர்ந்து சக்திக் குழுவுக்குப் பல உருப்படிகளை ஆக்கினார். இரண்டு கழுத்தும் பத்துத் தந்திகளும் கொண்ட இரட்டை வயலினைப் பிற்காலத்தில் உருவாக்கினார். அவருடைய தமையனார் சுப்பிரமணியம், தந்தையின் நினைவாக 1992 முதல் இசைவிழாக்களை நடத்தத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குச் சுரவரிசை சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயரைப் பிற நாட்டு அரங்குகளும் கேட்டன. அவர் இங்கேயே இருந்திருந்தால் எத்தனை மாணவர்களை உருவாக்கியிருப்பார் என்ற கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு

மற்ற இருவரும் தாளவாத்தியக் கலைஞர்கள். தபேலா வாசித்த ஸாகிர் ஹுஸைன், மும்பாயில் பிறந்தவர், புகழ்பெற்ற அல்லா ரக்காவின் மகன், வட இந்திய மரபில் வந்தவர். கடம் வாசித்த தே. எச். விநாயக்ராம், 'விக்கு' என்று இசையுலகம் அன்போடு அழைப்பவர். தொடக்கத்தில் வெஸ்லியனில் ஆசிரியராயிருந்த இராமநாதபுரம் இராகவன் மிருதங்கம் வாசித்துத் துணைநின்றார்.

விநாயக்ராமின் தந்தையார் ஹரிஹர சர்மா சென்னையில் தாளவாத்தியங்களுக்கென 1958 இல் பள்ளியொன்றை நிறுவியவர். 1966 இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடியபோது விநாயக்ராமே கடம் வாசித்தார். ஆனாலும் கச்சேரி மேடையில் கடத்துக்கு உரிய இடம் எது என்பது நமக்குத் தெரியும். பாடகருக்கு வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம். கடமோ உபபக்கவாத்தியம். மேடையின் ஓரத்தில், மைக்கும் சரியாகக் கிடைக்காத இடத்தில் அமர்ந்து, தனியாவர்த்தனத்தில் சில நிமிடங்கள் தன் திறமையைக் காட்டிவிட்டு மீண்டும் அடங்கிவிட வேண்டும்.

சக்தியில் நால்வரும் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். களிமண்ணைச் சுட்டுச் செய்த அந்தப் பானை, கிற்றாருக்கும் வயலினுக்கும் சமமாகக் கேள்வி கேட்டது, பதில் சொன்னது. நல்ல கடத்துக்குப் பேர்போன ஊர் மானாமதுரை. நம்முடைய பாட்டன் பூட்டன் பலர் மண்டபம் முகாம் வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பலேறினார்களே, அந்த இராமநாதபுரத்துச் சீமையைச் சேர்ந்த ஊர்தான் அது. அவர்கள் தண்ணீர் மொண்டு குடித்த பானையின் உறவுக்காரப் பானை, நியூயோர்க் அரங்கில் நடுவே அமர்ந்தது.

சக்திக் குழு 'எ ஹான்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி' (1976), 'நச்சுரல் எலமென்ட்ஸ்' (1977) என்ற இரு இசைத்தட்டுக்களை மேலும் வெளியிட்டது. முதலாவதில் ஓர் உருப்படி கொன்னக்கோலுடன் தொடங்குகிறது. கொன்னக்கோல் என்பது தாளச் சொற்களை வாயாற் சொல்லும் கலை. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து, தகிடதகதிமி என்றால் ஏழு. எண்ணை மனதில் எண்ணாமல் நாவினால் உணர்வதே இதன் நுட்பம். எவ்வளவு சிக்கலான கணக்கானாலும் நாக்கு அறிந்துவிட்டால் கை பின்னால் வந்துவிடும். மக்லாக்லின் இதைத் தாமும் கற்றார். அதோடு நில்லாமல், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் இணைந்து 2007 இல், மேனாட்டு இசைக்கலைஞர்களுக்குக் கொன்னக்கோல் கற்பிக்கும் ஒளிப்பதிவு இறுவட்டு ஒன்றையும் வெளியிட்டார். மாணவராக வந்தவர் ஆசிரியரின் பாடத்தைப் பிறருக்கு எடுத்துச் சென்றார்.

இனி ஒரு குறையையும் சொல்லவேண்டும். முதல் இசைத்தட்டின் அட்டையில் இருந்த பெயர் 'ஜோன் மக்லாக்லினுடன் சக்தி' என்று பொருள்படும். நால்வர் சமமாக அமர்ந்தாலும் கடையில் விற்கப்பட்டது ஆங்கிலேயரின் பெயர். சந்தையின் வழக்கம் அது. சக்தியின் இசையைக் கர்நாடக இசை என்று ஏற்காத வித்துவான்களும், ஜாஸ் என்று ஏற்காத விமர்சகர்களும் உண்டு. இரு பக்கமும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும், மேடைக்குள்ளே யாரும் யாரையும் அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ளவில்லை என்பதை அந்தப் பதிவுகளைக் கேட்டால் அறியலாம்.

பிரிவும் மீண்டும் கூடலும்

எழுபதுகளின் இறுதியில் குழு பிரிந்தது. மக்லாக்லின் வேறு திசைகளிலும் சென்றார். ஸ்பானிய ஃபிளமெங்கோ இசையின் பெருங்கலைஞர் பாக்கோ டி லூசியா, அமெரிக்கரான அல் டி மியோலா ஆகியோருடன் மூன்று கிற்றார்கள் மட்டும் உரையாடும் கச்சேரிகளை நடத்தினார். 1980 டிசெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பதிவான கச்சேரி இன்றும் கிற்றார் பயில்வோரின் பாடநூலாக இருக்கிறது.

1997 இல் சக்தி புதுப்பிறவி எடுத்தது. பின்னர் மண்டலின் சிறீநிவாஸ், செல்வகணேஷ், நமது நேயர்கள் திரையிசையால் நன்கு அறிந்த சங்கர் மகாதேவன் ஆகியோர் சேர்ந்தனர். சிறீநிவாஸின் கதை மக்லாக்லினின் கதைக்கு மறுபக்கம். ஒருவர் மேனாட்டு வாத்தியத்தோடு நம்மிடம் கற்க வந்தார். மற்றவர், மேனாட்டு வாத்தியமான மண்டலினைச் சிறுவயதிலேயே எடுத்து, மின்சாரம் பூட்டி, கர்நாடக இசைக்கு முற்றாக உரியதாக்கினார். 2014 செப்டெம்பர் 19 ஆம் திகதி, நாற்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தபோது ஈடு செய்ய முடியாத இழப்பு நேர்ந்தது.

எண்பதைக் கடந்த மக்லாக்லின், ஸாகிர் ஹுஸைன், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன் ஆகியோருடன் 2023 இல் 'திஸ் மோமென்ட்' என்ற தொகுப்பை வெளியிட்டார். 1977 க்குப் பின், நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, சக்தி ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கிய தொகுப்பு அது. 2024 பெப்ரவரியில் அதற்குக் கிரமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசெம்பர் 15 ஆம் திகதி ஸாகிர் ஹுஸைன் காலமானார். முதலில் ஒரே வரிசையில் அமர்ந்த நால்வரில் ஒருவர் எழுந்து போய்விட்டார்.

தண்ணுமையாசிரியனின் தகைமை

மீண்டும் அரங்கேற்று காதைக்கு வருவோம். தண்ணுமையாசிரியனைப் பற்றி இளங்கோவடிகள் சொல்வதில் ஒரு கருத்து என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும். அவன் யாழுக்கும் குழலுக்கும் இசைந்து வாசிக்க வேண்டும். குறைவு நேருமிடத்தில் நிரப்பவும், மிகுதியாகுமிடத்தில் அடக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தன் வாசிப்பு மற்றவரை மீறிவிடாமல் காக்க வேண்டும். கூடி இசைப்பதன் அறம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. பெரும் ஓசையால் உலகை வென்ற ஒருவர், ஒரு பானையின் ஓசை கேட்க வேண்டும் என்பதற்காகத் தம் மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தரையில் அமர்ந்தது, அந்தத் தகைமைக்கு நம் காலம் கண்ட எடுத்துக்காட்டு.

நேயர்களே, நமது மலையகத்தில் தப்பு என்ற வாத்தியத்துக்கு நாம் எந்த இடத்தைக் கொடுத்திருக்கிறோம்? அதிகாலையில் பெரட்டுக்கு ஆளைக் கூப்பிட்டது தப்பு. மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு உயிர் தருவது தப்பு. பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒவ்வொரு சடங்குக்கும் ஒவ்வோர் அடி உண்டு. மக்கள் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்துத் தந்தார்கள். பாட்டின் சொற்கள் ஏட்டில் ஏறின. அடிகள் இன்னும் கிழவர்களின் கைகளிலேயே இருக்கின்றன. அவர்கள் போனால் அவையும் போய்விடும். சாதியைக் காரணம் காட்டி அந்த வாத்தியத்தை நாம் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அதை அடிப்பவரின் பேரன் தாத்தாவின் பெயரைச் சொல்லக் கூசும்படி செய்தோம். மிசிசிப்பித் தோட்டத்துப் பாட்டை உலகம் பாடமாக்கியிருக்கும்போது, நம் தோட்டத்து அடியை நாமே மறைத்து வைத்திருக்கிறோம்.

பேரன் கிற்றார் வாசிப்பதில் பிழை எதுவும் இல்லை. கிற்றார் யாருடைய வாத்தியம் என்ற கேள்விக்கு இனிப் பொருளில்லை. யார் யாரிடம் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதே கேள்வி.

சென்ற வாரம் அந்த மாணவனை அழைத்து இந்தக் கதையைச் சொன்னேன். சக்தியின் பதிவொன்றைக் கைத்தொலைபேசியில் கேட்கவும் வைத்தேன். கடத்தின் முறை வந்தபோது அவன் விரல்கள் தாமாகவே மேசையில் தட்டின. "தாத்தாகிட்ட இருக்கிற அடிய நீ வாயால சொல்லுவியா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "காமன் கூத்து அடி தெரியும் சேர். மத்ததெல்லாம் அவர்கிட்டதான் கேக்கணும்" என்றான்.

திங்கட்கிழமை காலை இரண்டு தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். ஒவ்வோர் அடியையும் சொற்கட்டாக எழுதி, பக்கத்தில் எந்தச் சடங்குக்கு உரியது என்றும் குறித்திருந்தான். மேலே, முதல் வரியில், தன் தாத்தாவின் பெயரை முழுமையாக எழுதியிருந்தான்.